திடலோரத்துப் பிள்ளைகள்: ஜொகூர் பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

ஆட்டம் பார்க்கிறவரும் பிள்ளையைப் பார்க்கிறவரும் ஒரே ஆளாக இருக்க முடியாது. தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டியானாலும், ஞாயிறு காலை எழுவர் கால்பந்தானாலும், இஸ்கண்டார் புத்ரியில் ஜேடிடி கால்பந்து அணி ஆடும் இரவானாலும் இதே கதைதான். பந்து கோலை நெருங்கும் நொடியில் பெரியவர்கள் எல்லோருடைய கண்ணும் ஒரே பக்கம் திரும்பும். மூன்று வயதுப் பிள்ளை எழுந்து நடக்க அந்த நொடி போதும்.

ஆகவே வீட்டை விட்டுக் கிளம்பும்போதே முறை போடுங்கள். "எல்லோரும் பார்த்துக்குவோம்" என்றால் யாரும் பார்ப்பதில்லை. முதல் பாதி அம்மா, இரண்டாம் பாதி மாமா என்று ஆளைச் சொல்லி ஒப்படையுங்கள். ஹாக்கி என்றால் இன்னும் வசதி: 15 நிமிடப் பகுதிகள் நான்கு, ஒவ்வொன்றுக்கும் ஆள் மாற்றலாம். முறையில் இருப்பவர் கைப்பேசியைப் பைக்குள் வைத்துவிட வேண்டும். படம் எடுப்பது வேறொருவர் வேலை. பத்து வயது அக்காவிடம் தம்பியை விட்டுப் போவதை முறையில் சேர்க்காதீர்கள். அவளும் பிள்ளைதான்.

உட்காரும் இடம்

திடலை அடைந்ததும் பாயை விரிக்க அவசரப்படாமல், பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு சுற்று வாருங்கள். வேலி எங்கே இல்லை, வடிகால் எங்கே திறந்து கிடக்கிறது, வண்டிகள் எந்த வாசலில் நுழைகின்றன என்பதெல்லாம் அந்த ஒரு சுற்றில் தெரிந்துவிடும்.

கோலுக்குப் பின்னால் மட்டும் உட்காராதீர்கள். கால்பந்திலேயே பந்து மிக வேகமாக வரும் திசை அது. ஹாக்கியில் அபாயம் பல மடங்கு. 2011இல் தொடங்கிய சுல்தான் ஜொகூர் கிண்ணப் போட்டியைப் பார்க்கத் தாமான் டாயா அரங்குக்குப் போகிறவர்களுக்கு இது தெரியும்: 156 முதல் 163 கிராம் எடையுள்ள அந்தக் கெட்டிப் பந்து, பெனால்டி கார்னரில் மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேலான வேகத்தில் உயர்ந்து வரும். 2002 மார்ச்சில் அமெரிக்காவின் கொலம்பஸ் நகரில் நடந்த பனி ஹாக்கி லீக் ஆட்டத்தில், தெறித்து வந்த தட்டு தலையில் பட்டு, பார்வையாளர் வரிசையில் இருந்த 13 வயதுச் சிறுமி இறந்துபோனாள். அதன் பிறகே அந்த லீக் எல்லா அரங்குகளிலும் கோலுக்குப் பின்னால் வலையைக் கட்டாயமாக்கியது. நம் பள்ளித் திடல்கள் பலவற்றில் அந்த வலையும் கிடையாது. நடுக்கோட்டுக்கு நேராக, கோட்டிலிருந்து நன்றாகத் தள்ளி, வேலி இருந்தால் வேலிக்கு வெளியே உட்காருங்கள். பிள்ளையைப் பெரியவருக்குப் பின்னாலோ மடியிலோ வையுங்கள். தள்ளுவண்டியின் பிரேக்கைப் போட்டுவிடுங்கள்.

திடலோரத்தில் சும்மா கிடக்கும் நகர்த்தக்கூடிய கோல் கம்பத்தைப் பெற்றோர் பலர் கவனிப்பதே இல்லை. பிள்ளைகள் அதில் தொங்குவார்கள், வலையில் ஏறுவார்கள். தரையில் பிணைக்காத கம்பம் முன்னால் சாய்ந்தால் மேல்குழாய் நேராகத் தலையில் இறங்கும். அமெரிக்காவில் 1979 முதல் இப்படி 30க்கும் மேற்பட்டோர் இறந்திருக்கிறார்கள், பெரும்பாலும் பிள்ளைகள். கம்பத்தை அசைத்துப் பாருங்கள். ஆடினால் ஏற்பாட்டாளரிடம் சொல்லி, மணல் மூட்டை வைக்கச் செய்யுங்கள். இல்லையென்றால் படுக்க வைத்துவிடச் சொல்லுங்கள். இதைக் கேட்கத் தயங்க வேண்டாம்.

பள்ளி விளையாட்டுப் போட்டியில் இரண்டு இடங்களில் கூடுதல் கவனம் வேண்டும். குண்டு, வட்டு, ஈட்டி எறியும் பகுதிக்குக் கயிறு கட்டியிருந்தாலும் அருகில் போகாதீர்கள். ஈரப் புல்லில் வட்டு சறுக்கி வெகுதூரம் போகும். அடுத்தது முடிவுக் கோடு. ஓடி வருபவர் கோட்டிலேயே நின்றுவிட முடியாது. அங்கே கைப்பேசியோடு கூடும் கூட்டத்தின் காலடியில் சின்னப் பிள்ளை நின்றால், மோதுகிறவருக்கும் அடி, பிள்ளைக்கும் அடி.

மைலோ பானம் தரும் வண்டி வந்துவிட்டால் பிள்ளைகள் ஓடுதடத்தையும் வண்டி நிறுத்துமிடத்தையும் குறுக்கே கடந்துதான் ஓடுவார்கள். தடுத்துப் பயனில்லை. நீங்களே கூட்டிப்போய் வரிசையில் நில்லுங்கள்.

இடி கேட்டால்

ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் மாலை இடிமழை ஜொகூரில் சாதாரணம். 2024 பிப்ரவரியில் இந்தோனேசியாவின் பாண்டுங்கில் ஆட்டத்தின் நடுவே ஒரு கால்பந்து வீரர் மின்னல் தாக்கி இறந்தார். மின்னலைப் பார்த்து 30 எண்ணுவதற்குள் இடி கேட்டால், மின்னல் சுமார் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. நடுவர் விசில் ஊதும்வரை காத்திராமல் பள்ளிக் கட்டடத்துக்குள்ளோ காருக்குள்ளோ போய்விடுங்கள். கூடாரமும் மரத்தடியும் காப்பு அல்ல. கூடாரத்துக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு: மழைக்கு முன் வரும் காற்று அதைத் தூக்கி எறியும். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் கழித்துத் திரும்பலாம்.

அரங்கில்

ஜேடிடி ஆடும், 2020இல் திறந்த சுல்தான் இப்ராஹிம் அரங்கில் ஏறத்தாழ 40,000 பேர் உட்காரலாம். அங்கே "ஜேடிடி ஜெர்சி போட்ட பையன்" என்று தேடினால் பிள்ளை கிடைக்காது. கண்ட இடமெல்லாம் அதே ஜெர்சிதான். வாசலில் நுழையும் முன் தலை முதல் செருப்பு வரை தெரியும்படி பிள்ளையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். முன்கையின் உள்பக்கம் உங்கள் எண்ணைப் பேனாவால் எழுதுங்கள். தொலைந்தால் நின்ற இடத்திலேயே நிற்கவும், சீருடை அணிந்தவரிடம் கையைக் காட்டவும் சொல்லிக்கொடுங்கள். முரசு முழங்கும் ஆதரவாளர் பகுதியிலிருந்து விலகி உட்காருங்கள். கைக்குழந்தைக்குக் காதுறை அவசியம்.

நுழைந்ததும் இரண்டு வெளிவாசல்களைப் பார்த்து வையுங்கள். 2022 அக்டோபர் 1 அன்று இந்தோனேசியாவின் கஞ்சுருஹான் அரங்கில் கண்ணீர்ப்புகைக்கு அஞ்சி ஓடிய கூட்டம் வாசல்களில் நெரிந்து 135 பேர் இறந்தார்கள். அவர்களில் முப்பதுக்கும் மேற்பட்டோர் சிறுவர்கள். சச்சரவின் வாடை அடித்தாலே ஆட்டம் எந்த நிலையில் இருந்தாலும் கிளம்பிவிடுங்கள். மற்ற நாள்களில் கூட்டம் வடியும்வரை இருக்கையிலேயே இருங்கள். பிள்ளையை மார்போடு அணைத்துத் தூக்குங்கள். நெரிசலில் தோளில் ஏற்ற வேண்டாம்.

பிள்ளை காணாமற்போனால் முதலில் வடிகால், சாலை, வண்டி நிறுத்துமிடம் ஆகிய மூன்றையும் பாருங்கள். கூடாரங்களை மற்றவர்கள் தேடட்டும். ஒலிபெருக்கியில் அறிவிக்கச் சொல்லி, உடனே 999க்கு அழையுங்கள். ஒரு நாள் காத்திருக்க வேண்டும் என்பது தவறான எண்ணம்.

அடி பட்டால்

தலையில் பந்து பட்ட பிள்ளை அழுதுவிட்டு உடனே விளையாட ஓடினாலும், அன்றைக்கு ஓட்டம் போதும். மயக்கம், மீண்டும் மீண்டும் வாந்தி, வலிப்பு, எழுப்ப முடியாத தூக்கம், உளறல் ஆகியவற்றில் எது வந்தாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். கழுத்து வலிக்கிறது என்றால் தூக்கி நிறுத்தாதீர்கள். விழுந்தது நிரந்தரப் பல் என்றால் வேரைத் தொடாமல் எடுத்துப் பாலில் போட்டு, ஒரு மணி நேரத்துக்குள் பல் மருத்துவரிடம் சேருங்கள். பால்பல்லைத் திரும்பப் பொருத்துவதில்லை.

ஆம்புலன்ஸை அழைக்கும்போது பள்ளியின் பெயரோடு எந்த வாசல் என்பதையும் சொல்லுங்கள். ஒருவரை அந்த வாசலுக்கு அனுப்பி, மறித்து நிற்கும் வண்டிகளை எடுக்கச் செய்யுங்கள்.