மலைவீட்டில் டவர் இல்லை: கட்டிய பணத்தைத் திரும்பக் கேட்கலாமா?

கேள்வி: நான் கோவையில் வேலை பார்க்கிறேன். அம்மா கோத்தகிரிக்குக் கீழே, தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கும் எங்கள் ஊரில் தனியாக இருக்கிறார். சர்க்கரை, ரத்த அழுத்தம் இரண்டும் உண்டு. பழைய சிம்மில் நெட் மெதுவாக இருக்கிறது என்று, டவுனில் உள்ள கடைக்காரர் பேச்சைக் கேட்டுப் போன மாதம் அம்மாவின் நம்பரை வேறு நிறுவனத்துக்கு போர்ட் செய்தோம். “உங்க ஊர்ல ஃபுல் டவர்” என்று வாட்ஸ்அப்பிலும் எழுதி அனுப்பி, ஒரு வருட ரீசார்ஜையும் போட வைத்தார். பணம் கட்டியது நான். வீட்டுக்குள் ஒரு புள்ளிகூட வரவில்லை. ரோட்டு வளைவு வரை ஏறி வந்தால்தான் அம்மாவால் பேச முடிகிறது. கஸ்டமர் கேரில் கேட்டால் “மலைப்பகுதி, அப்படித்தான் இருக்கும்” என்கிறார்கள். பணம் திரும்பக் கிடைக்குமா? ஊரில் டவர் வைக்கச் சொல்லி வழக்குப் போடலாமா? இனி எந்த நிறுவனத்துக்கு மாறுவது?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, நீலகிரி மாவட்டம்

பதில்: டவர் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். “என் வீட்டுக்கு சிக்னல் வரும்படி டவர் வை” என்று ஒரு வாடிக்கையாளர் தனியார் நிறுவனத்தை நுகர்வோர் வழக்கின் மூலம் கட்டாயப்படுத்துவது நடக்கிற காரியமல்ல. எந்தெந்த இடங்களுக்குச் சேவையைக் கொண்டுபோக வேண்டும் என்பது உரிம நிபந்தனையாக அரசுக்கும் நிறுவனத்துக்கும் இடையில் உள்ள விவகாரம். சிக்னலே எட்டாத கிராமங்களுக்கு 4ஜி கொண்டுபோக 2022 ஜூலையில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த திட்டத்தை பி.எஸ்.என்.எல். நிறைவேற்றி வருகிறது. கிராம சபையில் தீர்மானம் போட்டு, அதை மாவட்ட ஆட்சியருக்கும் தொலைத்தொடர்புத் துறைக்கும் அனுப்புங்கள். அதற்குப் பலன் உண்டு, ஆனால் நாளாகும்.

உங்கள் வழக்கு டவரைப் பற்றியதல்ல. உங்களிடம் சொல்லப்பட்ட பொய்யைப் பற்றியது. சிக்னல் இல்லாத ஊரில் சிக்னல் இருக்கிறது என்று சொல்லிப் பணம் வாங்கினால், அது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நேர்மையற்ற வணிக நடைமுறை. விற்ற சேவை கிடைக்காதது சேவைக் குறைபாடு. “மலைப்பகுதி, அப்படித்தான்” என்ற பதில் உண்மையாகவே இருக்கட்டும். அதைப் பணம் வாங்கும் முன் சொல்லியிருக்க வேண்டும். வாங்கிய பிறகு சொன்னால் அது பதிலாகாது. வயதான ஒருவர், அவசரத்துக்கு மகளைக் கூப்பிட ரோடு ஏற வேண்டிய நிலையில் இருக்கிறார். இதைச் சிறிய தொகை என்று யாரும் தள்ளிவிடக் கூடாது.

தொலைபேசிப் புகாரை நுகர்வோர் நீதிமன்றம் எடுக்காது என்று உங்களிடம் யாராவது சொல்லலாம். 2009-ல் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் தீர்ப்பளித்தது. தந்திச் சட்டத்தின் 7பி பிரிவின்படி நடுவரிடம் போக வேண்டும் என்றது. அந்தத் தடை இப்போது இல்லை. மாத வாடகை 249 ரூபாய் கட்டிக்கொண்டிருந்த அகமதாபாத் வாடிக்கையாளர் ஒருவருக்கு 24,609 ரூபாய் பில் வந்தது. அவர் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், வோடஃபோன் ஐடியா எதிர் அஜய் குமார் அகர்வால் வழக்கில் 2022 பிப்ரவரி 16 அன்று தீர்ப்பு வந்தது: நுகர்வோர் ஆணையத்துக்குப் போக 7பி தடையல்ல. 2019 சட்டம் ‘சேவை’ என்பதன் விளக்கத்திலேயே தொலைத்தொடர்பைப் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. 2023 தொலைத்தொடர்புச் சட்டத்தின் 30-வது பிரிவும் இந்த உரிமையைக் காப்பாற்றி வைத்திருக்கிறது.

ஆனால் எடுத்தவுடன் ஆணையத்துக்குப் போகாதீர்கள். முதலில் நிறுவனத்தின் புகார் மையத்தில் புகார் செய்து புகார் எண்ணை வாங்குங்கள். கஸ்டமர் கேரில் வாய்ப்பேச்சாகச் சொன்னது புகாராகாது; எண் இருந்தால்தான் புகார். அதில் தீர்வு இல்லையென்றால், அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் 30 நாளுக்குள் முறையிடலாம், கட்டணம் கிடையாது. அவர் 39 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2012-ஆம் ஆண்டு விதிமுறை இது. டிராய்க்கே எழுதலாமே என்று பலர் நினைக்கிறார்கள். டிராய் தனிநபர் புகார்களைத் தீர்த்துவைப்பதில்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்தால், நிறுவனம் சமரசத்துக்கு இறங்கி வருவதுண்டு.

இதற்கிடையில் சாட்சியத்தைச் சேருங்கள். கடைக்காரரின் வாட்ஸ்அப் செய்திதான் உங்கள் கையில் உள்ள பெரிய ஆவணம், அதை அழித்துவிடாதீர்கள். ரீசார்ஜ் ரசீது, போர்ட் ஆன எஸ்.எம்.எஸ். இரண்டும் வேண்டும். அடுத்து, நிறுவனத்தின் கவரேஜ் வரைபடம். 2024-ல் டிராய் கொண்டுவந்த சேவைத் தர விதிமுறைகளின்படி, எந்த இடத்தில் 2ஜி, 4ஜி, 5ஜி கிடைக்கும் என்ற வரைபடத்தை ஒவ்வொரு நிறுவனமும் தன் இணையதளத்தில் போட்டாக வேண்டும். உங்கள் ஊரைப் பெரிதாக்கிப் பார்த்து, தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அங்கே சிக்னல் இருப்பதாக நிறம் காட்டினால் அது நிறுவனத்தின் வாக்குமூலம். காட்டாவிட்டால், கடைக்காரர் சொன்னது பொய் என்பதற்கு நிறுவனத்தின் ஆவணமே சாட்சி. எப்படிப் பார்த்தாலும் அது உங்களுக்குத்தான் உதவும்.

அம்மாவின் போன் திரையையும் கவனியுங்கள். ‘எமர்ஜென்ஸி கால்ஸ் ஒன்லி’ என்று வந்தால், இந்த நிறுவனத்தின் சிக்னல் அங்கே இல்லை, வேறொரு நிறுவனத்தின் சிக்னல் எட்டுகிறது என்றே பெரும்பாலும் பொருள். அதையும் படம் எடுங்கள். அந்த நிலையிலும் 112-ஐ அழைக்கலாம். இதை அம்மாவிடம் இன்றே சொல்லிவையுங்கள்.

மாவட்ட ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயமில்லை, இணையவழியாகவும் மனு போடலாம். நிறுவனத்தின் தலைமையகம் இருக்கும் ஊருக்குப் போக வேண்டியதில்லை. புகார்தாரர் வசிக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம் என்பது 2019 சட்டம் தந்த பெரிய வசதி. சிம் அம்மா பெயரில் இருந்தால் அவர் பெயரில் உதகையில் போடுங்கள். பணம் கட்டியவர் என்ற முறையில் உங்கள் பெயரில் கோவையிலும் போட இடமுண்டு. நிறுவனத்தையும் கடைக்காரரையும் சேர்த்தே எதிர்தரப்பாக்குங்கள். “கவரேஜுக்கு உத்தரவாதம் இல்லை” என்று விண்ணப்பத்தில் பொடி எழுத்தில் இருப்பதை நிறுவனம் நீட்டும். அப்போது “இது நியாயமற்ற ஒப்பந்தம்” என்று மனுவில் கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் வழக்கு மாநில ஆணையத்தின் வரம்புக்குப் போய்விடும். பொய் சொல்லி விற்றது, சேவைக் குறைபாடு என்ற இரண்டோடு நில்லுங்கள். ரீசார்ஜ் தொகை, மன உளைச்சலுக்கு இழப்பீடு, வழக்குச் செலவு மூன்றையும் கேட்கலாம். பணம் திரும்ப வர நல்ல வாய்ப்பிருக்கிறது என்பதே என் கருத்து. இழப்பீட்டில் பெரிய தொகையை எதிர்பார்க்க வேண்டாம்.

இனி எந்த நிறுவனம்? பெயர் சொல்ல மாட்டேன், சொல்லவும் முடியாது. கோத்தகிரி டவுனில் நன்றாக எடுக்கிற சிம், ஒரு மேடு தாண்டினால் செத்துப்போகும். உங்கள் வீட்டுக்கும் டவருக்கும் நடுவில் மலை முகடு நிற்கிறதா என்பதுதான் கேள்வி. 700, 800, 900 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலைவரிசைகள் மேட்டையும் சுவரையும் ஓரளவு சமாளிக்கும். 2300, 2500 சமாளிக்காது. பி.எஸ்.என்.எல். 4ஜி-யில் 700 உண்டு, ஆனால் பழைய போன்கள் பலவற்றில் அதற்கான பேண்ட் 28 இருக்காது. வாங்கும் முன் பாருங்கள். ஜியோவில் 2ஜி கிடையாது, 4ஜி வழியாகப் பேசும் வோல்ட்டி வசதியை அம்மாவின் போன் ஏற்காவிட்டால் பேச முடியாது. அரசின் தரங் சஞ்சார் தளத்தில் ஊருக்கு அருகில் எந்த நிறுவனத்தின் டவர் இருக்கிறது என்று தெரியும். பக்கத்து வீட்டாரின் போனை அம்மாவின் படுக்கையறையில் வைத்துப் பார்ப்பது இவை எல்லாவற்றையும்விட நம்பகமானது. வீட்டுக்கு பிராட்பேண்ட் எட்டுமானால், வைஃபை வழியாக அழைக்கும் வசதி டவர் கவலையையே பாதி தீர்த்துவிடும்.

இன்னொன்று. போர்ட் ஆன நாளிலிருந்து 90 நாள் ஆகாமல் மறுபடி போர்ட் செய்ய முடியாது. அதுவரை அம்மாவின் போனில் இரண்டாவது சிம் ஒன்றைப் போடுங்கள், 28 நாள் ரீசார்ஜோடு. படுக்கையறையில் அது எடுக்கிறது என்று உறுதியான பிறகு, 90 நாள் முடிந்ததும் ‘PORT’ என்று ஆங்கிலத்தில் அடித்து, இடம் விட்டு மொபைல் எண்ணையும் சேர்த்து 1900-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்புங்கள். ஒரு வருட ரீசார்ஜில் மிச்சமிருப்பது போர்ட் ஆனதும் போய்விடும், அதனால் வழக்குக்கான ஆவணங்களை அதற்கு முன்பே சேர்த்துவிடுங்கள். வழக்குத் தொடர 2 ஆண்டு அவகாசம் இருக்கிறது. ஆனால் புகார் எண்ணை இந்த வாரமே வாங்கிவிடுங்கள்.