ஈரத்தில் அடித்தால் எல்லாம் சரியாகிவிடுமா?

மேசைமேல் ஒரு பழைய புல்லட் எஞ்சின் பிரித்துக் கிடக்கிறது. அலுமினியக் கிராங்க்கேஸ் இரண்டு பாதிகளாக. வார்ப்பிரும்பு சிலிண்டர். கார்புரேட்டர். பெயின்ட் உரிந்த இரும்பு பிராக்கெட்டுகள். ஒரு கைப்பிடி ஸ்டெயின்லெஸ் போல்ட்டுகள். "எல்லாத்தையும் அப்படியே வேப்பர் பிளாஸ்டிங்குக்குக் குடுத்துருண்ணே, ஷோரூம்ல இருந்து வந்த மாதிரி ஆயிரும்" என்கிறார் பக்கத்தில் நிற்கும் தம்பி. ஆகும், அதில் சந்தேகமில்லை. ஆனால் எதை வைத்து அடிக்கிறார்கள் என்று அவர் கேட்கவில்லை. பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை.

அப்படிக் கேட்காமல் அடித்து வாங்கிய எஞ்சின் ஒன்றை நான் பிரித்துப் பார்த்திருக்கிறேன். வெளியே வெள்ளி மாதிரி மின்னியது. கோர்த்து ஓட்டிய சில நாளிலேயே பேரிங் கத்த ஆரம்பித்துவிட்டது. எண்ணெயை வடித்தபோது சட்டியின் அடியில் சாம்பல் நிறத்தில் ஒரு வண்டல். இரண்டு விரலுக்கு நடுவே வைத்துத் தேய்த்தால் நறநறவென்றது. அன்றிலிருந்து பட்டறைகளில் காதில் விழும் நம்பிக்கைகளை ஒவ்வொன்றாகக் குறித்து வைக்கத் தொடங்கினேன்.

முதலில் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. வேப்பர் பிளாஸ்டிங்கில் நீராவி கிடையாது. தண்ணீரும் துகளும் கலந்த குழம்பை பம்ப் நாசிலுக்குத் தள்ளுகிறது. அங்கே கம்ப்ரஸர் காற்று சேர்ந்து அதை வேகமாகப் பாய்ச்சுகிறது. அவ்வளவுதான். வேலை செய்வது துகள். தண்ணீர் அதைச் சுமந்து வந்து, பெயர்ந்த அழுக்கைக் கழுவிக்கொண்டு போகிறது.

"தண்ணி ஊத்தி அடிச்சா ஆத்து மணலே போதும், தூசியே வராது"

இந்த ஒன்றுக்காகவே இந்தப் பத்தியை எழுதலாம்.

மணலை வேகமாக வீசி உலோகத்தையும் கண்ணாடியையும் அரிக்கும் முறைக்கு பிலடெல்ஃபியாவைச் சேர்ந்த பெஞ்சமின் டில்மன் 1870-இல் காப்புரிமை பெற்றார். அடுத்த பல பத்தாண்டுகள் உலகமே மணலைத்தான் வீசியது. வீசியவர்களின் நுரையீரல் கல்லாகிப்போனது. மணலில் இருப்பது படிகச் சிலிக்கா. உலோகத்தில் மோதிய வேகத்தில் அது உடைந்து, கண்ணுக்கே தெரியாத தூளாகிறது. அந்தத் தூள் மூக்கிலோ தொண்டையிலோ நிற்காமல் நுரையீரலின் கடைசிக் காற்றுப்பை வரை போய்ச் சேர்ந்து, அங்கே தழும்பை உண்டாக்குகிறது. அதுதான் சிலிக்கோசிஸ். வந்த தழும்பைப் போக்க மருந்தில்லை. வேலையை விட்ட பிறகும் நோய் வளரும். பிரிட்டன் 1949-இல் விதி வகுத்து, வார்ப்புகளைச் சுத்தம் செய்யும் வீச்சு வேலையில் மணலைத் தடை செய்தது. அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ், மணலை இந்த வேலைக்குப் பயன்படுத்தவே கூடாது என்று 1974-இல் பரிந்துரைத்தது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1997-இல் படிகச் சிலிக்காவை மனிதருக்குப் புற்றுநோய் தரும் முதல் பிரிவில் சேர்த்தது. நம் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையிலும், கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய்களில் ஒன்றாக சிலிக்கோசிஸ் இடம்பெற்றிருந்தது.

தண்ணீர் தூசியைக் குறைக்கும், உண்மைதான். அடியோடு ஒழிக்காது. நாசிலிலிருந்து தெறிக்கும் நுண்துளி காற்றிலேயே உலர்ந்துவிட்டால், அதற்குள் இருந்த தூள் காற்றில் மிதக்கும். கேபினட்டுக்கு வெளியே சிந்திய குழம்பு ராத்திரியில் காய்ந்து, காலையில் பையன் துடைப்பத்தை எடுத்துப் பெருக்கும்போது எழும்பும். முகத்தில் கட்டிய ஈரத்துண்டு அந்தத் தூளைத் தடுக்காது. மணலுக்குப் பதில் போட வேண்டிய கண்ணாடி மணி (கிளாஸ் பீட்) ஒரு மூட்டையின் விலையை மிச்சம் பிடிக்க ஒரு பையனின் மூச்சை அடகு வைப்பதை எந்தக் கணக்கிலும் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

இதற்கு நேர் எதிரான நம்பிக்கை ஒன்றும் உண்டு: "கண்ணாடியும் மணலை உருக்கிச் செஞ்சதுதானே, அதுவும் அதே விஷம்தான்." அப்படியல்ல. உருக்கிய கண்ணாடியில் சிலிக்கா இருக்கிறது, ஆனால் படிகமாக இல்லை. சிலிக்கோசிஸைக் கொண்டுவருவது படிக வடிவம். நம் தென்கடலோரத்தில் செந்நிற மணலாகக் கிடக்கும் கார்னெட்டும் அதே விஷமல்ல, ஆனால் காரணம் வேறு. அதில் சிலிக்கா மற்ற தனிமங்களோடு பிணைந்திருக்கிறது. சுத்தம் செய்து சலித்த நல்ல கார்னெட்டில் தனிச் சிலிக்கா மிகக் குறைவு. இரும்புக் கட்டுமானத்தைச் சுத்தம் செய்து பெயின்ட் அடிக்க அது அருமையான பொருள். இதனால் முகக்கவசம் வேண்டாம் என்று ஆகிவிடாது. எந்தத் துகளானாலும், உரிந்து வரும் பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம், பழைய இரும்பு போல்ட்டுகளின் பூச்சில் காட்மியம் இருக்கலாம்.

"கிளாஸ் பீட் இருந்தா வேற எதுவும் தேவையில்லை"

பளபளப்பைப் பார்த்து வந்த நம்பிக்கை இது. கண்ணாடி மணி உருண்டை. அது உலோகத்தைச் செதுக்குவதில்லை. சின்னச் சின்னச் சுத்தியலாகத் தட்டி, மேற்பரப்பை நெருக்கமாக அமுக்குகிறது. அலுமினியக் கிராங்க்கேஸுக்கு அந்தப் பட்டு போன்ற மென்மினுப்பு கிடைப்பது இதனால்தான். மேற்பரப்பின் நுண்துளைகள் ஓரளவு அடைபடுவதால், பிறகு கைரேகையும் அழுக்கும் பிடிப்பதும் குறைகிறது. கிராங்க்கேஸுக்கும் சிலிண்டர் ஹெட்டின் வெளிப்புறத்துக்கும் என் முதல் தேர்வு எப்போதும் மணிதான்.

அதே மணியை இரும்பு பிராக்கெட்டில் அடித்துவிட்டு அதன்மேல் பவுடர் கோட்டிங் போட்டால்? பூச்சுக்குப் பிடிமானம் வேண்டும். உப்புத்தாள் தேய்த்த பலகையில் வார்னிஷ் பிடிக்கிற மாதிரி, கூர்முனையுள்ள துகள் கீறிய பரப்பில்தான் பூச்சு பற்றும். மணி அடித்த பரப்பு மேடு பள்ளமாக இருந்தாலும் அதன் விளிம்புகள் மழுங்கியவை. கல் பட்ட இடத்தில் பூச்சு தகடாகப் பெயர்ந்து வரும். அங்கே வேண்டியது அலுமினியம் ஆக்சைடு, அதாவது அலுமினா. சாணைக்கல்லில் இருப்பதும் அதுதான். மோஸ் கடினத்தன்மை அளவுகோலில் 9. கண்ணாடி 6-க்குச் சற்றுக் கீழே.

சரி, 9 என்றால் வேகமாகச் சுத்தம் ஆகுமே, கிராங்க்கேஸுக்கும் அதையே போடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. கூடாது. அலுமினியம் மென்மையானது, கூரான அலுமினாத் துகள் அதில் முள் மாதிரி தைத்துக்கொள்ளும். தண்ணீர் இருப்பதால் உலர் முறையைவிடத் தைப்பது குறையும், ஆனால் நிற்காது. எஞ்சின் சூடாகி, எண்ணெய் ஓடி, அதிர ஆரம்பித்தபின் அந்த முட்கள் ஒவ்வொன்றாகக் கழன்று எண்ணெயோடு போய் பேரிங்கைச் சாணை பிடிக்கும். முகப்புகளின் கதையும் இதுதான். காஸ்கெட் உட்காரும் தளத்தை அலுமினா அரித்துவிட்டால் எண்ணெய் கசிவதை எந்தப் பசையாலும் நிறுத்த முடியாது. பேரிங் இருக்கை, மரை, காஸ்கெட் முகம் ஆகிய மூன்றையும், எந்தத் துகளானாலும் சரி, ரப்பர் அடைப்பாலோ தடித்த டேப்பாலோ மூடிவிட்டே அடிக்க வேண்டும். "தண்ணி மெத்தை மாதிரி தாங்கிக்கும்" என்பது பாதி உண்மை. அந்தப் பாதியை நம்பித்தான் பல முகப்புகள் வீணாகியிருக்கின்றன.

"பெரிய துகள், பெரிய வேகம், சீக்கிரம் வேலை"

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மணியின் விட்டம் இரண்டு மடங்கானால் எடை எட்டு மடங்காகும். ஒரே கிலோவில் கிடைக்கும் மணிகளின் எண்ணிக்கை எட்டில் ஒன்றாகக் குறையும். பெரிய மணி ஒவ்வொன்றும் பலமாகக் குத்தும், ஆனால் குத்தும் இடங்கள் குறைவு. கெட்டியாகப் பிடித்த கார்பனை உடைக்க அது சரி. மெல்லிய அழுக்கை முழுவதுமாக வழித்தெடுக்க, இடுக்குகளிலும் கூலிங் ஃபின்களின் அடியிலும் நுழைய, எண்ணற்ற சின்ன மணிகள்தான் வேகமானவை. ஈர முறையின் பெரிய வரமே இதுதான். உலர் கேபினட்டில் மிக நுண்ணிய தூள் கட்டிபிடிக்கும், புகையாகிக் கண்ணை மறைக்கும். தண்ணீரில் அந்தத் தொல்லை இல்லை.

கடையில் வாங்கும்போது ஒரு குழப்பம் வரும். மெஷ் எண் கூடக் கூடத் துகள் சிறியது. சல்லடையில் ஓர் அங்குலத்துக்கு எத்தனை கண் என்பதே அந்த எண். 70–100 மெஷ் மணி ஏறத்தாழ 150 முதல் 210 மைக்ரான். 170–325 மெஷ் என்றால் 45 முதல் 90 மைக்ரான்.

அழுத்தத்தை ஏற்றுவதும் பயன் தராது. ஓர் எல்லைக்கு மேல் மணி உலோகத்தைத் தட்டுவதற்குப் பதில் தானே உடையும். உடைந்த மணி உருண்டையல்ல, கண்ணாடிச் சில்லு. மினுப்பாக வந்துகொண்டிருந்த வேலை திடீரென்று மங்கலாகவும் சொரசொரப்பாகவும் வந்தால் உலோகத்தைக் குறை சொல்லாதீர்கள். ஒரு துளிக் குழம்பை வெள்ளைத் தட்டில் உலர்த்தி லென்ஸில் பாருங்கள். உருண்டைகளைவிடச் சில்லுகள் அதிகம் தெரிந்தால் தொட்டியை மாற்றும் நேரம் வந்துவிட்டது. பணம் போட முடிந்தவர்களுக்கு சிர்கோனியா மணி நல்லது. கண்ணாடியைவிட எடை கூடியது, அத்தனை சீக்கிரம் உடையாது. தென்கடலோர மணவாளக்குறிச்சியின் மணலிலிருந்து பிரித்தெடுக்கும் சிர்கான் கனிமம்தான் இத்தகைய மணிகளுக்கு மூலப்பொருள்.

உலர் கேபினட்டில் ஓடுவதெல்லாம் ஈரத்தில் ஓடும் என்ற நம்பிக்கையைச் சுருக்கமாக முடித்துவிடலாம். எஃகுக் குண்டு தண்ணீரில் துருப்பிடித்துப் பாறையாக உறையும். வால்நட் ஓட்டுத்தூள் ஊறிப் பொதும்பி, நாற்றமெடுக்கும். சமையல் சோடா கரைந்தே போகும். அதைத் திரும்பத் திரும்பச் சுழலும் தொட்டியில் போட்டுப் பயனில்லை.

"தண்ணிதான் இருக்கே, எண்ணெய் தானா போயிரும்"

போகாது. எண்ணெய் தொட்டிக்குள் இறங்கி, ஒவ்வொரு மணியின் மேலும் படலமாகப் படியும். அதன்பிறகு அந்தத் தொட்டியில் அடிக்கும் அத்தனை பாகத்திலும் அந்த எண்ணெயையே பூசிக்கொண்டிருப்பீர்கள். டீசலிலோ டீகிரீசரிலோ ஊறவைத்து, சுடுநீரில் கழுவி, கை வழுக்காத நிலைக்கு வந்த பிறகே பாகம் கேபினட்டுக்குள் போக வேண்டும். அலசல் முக்கியம்; சோப்பு மிச்சமிருந்தால் தொட்டி நுரைத்துப் பம்ப் திணறும்.

தொட்டியை உலோகத்தின்படியும் பிரித்து வைக்க வேண்டும். இரும்பு பிராக்கெட்டை அடித்த அதே குழம்பில் ஸ்டெயின்லெஸ் போல்ட்டை அடித்தால், இரும்புப் பொடி அதன்மேல் ஒட்டிக்கொள்ளும். சில வாரத்தில் புள்ளி புள்ளியாகத் துரு தெரியும். "இது ஒரிஜினல் ஸ்டெயின்லெஸ் இல்ல" என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். போல்ட் நல்ல போல்ட்தான். தொட்டிதான் கெட்டது. உப்பு மிகுந்த போர்த்தண்ணீரும் இதே வேலையைச் செய்யும், ஆகவே கடைசி அலசலுக்காவது நல்ல தண்ணீர் வேண்டும்.

வார்ப்பிரும்பு சிலிண்டரை ஈரத்தில் அடித்தால் கேபினட்டிலிருந்து எடுத்துத் துடைப்பதற்குள் செம்மஞ்சளாகத் துரு பூக்கும். துருத்தடுப்பானைத் தண்ணீரில் கலந்து, சுடுநீரில் அலசி, உடனே காற்றடித்து உலர்த்தி, எண்ணெய் தடவ முடியுமென்றால் செய்யலாம். இல்லையென்றால் சிலிண்டரை உலர் முறைக்கே அனுப்புவேன். கார்புரேட்டருக்கு இன்னும் எச்சரிக்கை தேவை. அதன் உடல் பெரும்பாலும் துத்தநாகக் கலப்பு, எளிதில் தேயும். உள்ளே ஊசி நுழையாத துளைகள். அதன் வெளிப்புறத்துக்கு மட்டும், துளைகளையெல்லாம் அடைத்துவிட்டு, நுண்ணிய மணி, குறைந்த அழுத்தம். உள்ளே சுத்தம் செய்ய அல்ட்ராசோனிக் தொட்டி இருக்கிறது.

இனி, நறநறத்த அந்த எண்ணெய்ச் சட்டிக்கு வருகிறேன். அந்த எஞ்சினில் துகள் தேர்வில் தவறில்லை; கண்ணாடி மணிதான் போட்டிருந்தார்கள். "தண்ணியில அடிச்சது, தானா கழுவிக்கிட்டு வந்திருக்கும்" என்று நம்பி அப்படியே கோர்த்துவிட்டார்கள். கிராங்க்கேஸின் எண்ணெய்ப் பாதைகளில் குழம்பு நுழைந்து, காய்ந்து, சிமென்ட் மாதிரி இறுகியிருந்தது. சூடான எண்ணெய் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக இளக்கிக் கொண்டுபோய்ச் சேர்த்தது. ஈரமாக இருக்கும்போதே கழுவியிருந்தால் பத்து நிமிட வேலை.

இப்போது நான் செய்வது இது. அடிப்பதற்கு முன்பே பாதைகளின் இரு முனைகளையும் அடைப்பேன். முடிந்ததும், காயவிடாமல், ஒவ்வொரு பிளக்கையும் கழற்றிச் சுடுநீரைப் பாய்ச்சுவேன். பாட்டில் கழுவும் பிரஷ் போன்ற நீண்ட பிரஷை எண்ணெய்ப் பாதைக்குள் விட்டு இழுப்பேன். மறுபடி தண்ணீர், மறுபடி காற்று. மரைக் குழிகளில் தேங்கிய நீரை ஒவ்வொன்றாக ஊதுவேன். எல்லாம் உலர்ந்ததும் எண்ணெய் நனைத்த வெள்ளைத் துணித் துண்டைக் கம்பியில் சுற்றி உள்ளே நுழைத்து எடுத்து, வெயிலில் பிடித்துப் பார்ப்பேன். துணியில் ஒரு புள்ளி மின்னினாலும், கேஸ் மறுபடியும் கழுவும் தொட்டிக்குப் போகும்.