கடிகாரம் கைவிட்ட பேட்டரியில் விளக்கு எரிய

சுவர்க் கடிகாரம் நின்றதும் கழற்றும் பேட்டரியை மல்டிமீட்டரில் வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் 1 வோல்ட்டாவது காட்டும். ஆனால் வெள்ளை எல்இடி எரிய 3 வோல்ட் வேண்டும். மிச்சமிருக்கும் மின்சாரத்தை உறிஞ்சி, அழுத்தத்தை உயர்த்தி எரியவைக்கும் எளிய சுற்றுக்கு ‘ஜூல் தீஃப்’ என்று பெயர். ஜூல் என்பது ஆற்றலின் அலகு. ‘நகைத் திருடன்’ என்று பொருள்படும் ‘ஜுவல் தீஃப்’ என்ற ஆங்கிலச் சொல்லை வைத்துச் செய்த சிலேடை. குறைந்த வோல்ட்டில் இதை ஓடவைக்கச் சில குறிப்புகள்:

1. தேவை நான்கே சாமான்கள்: பிசி547 டிரான்சிஸ்டர், 1 கிலோ ஓம் ரெசிஸ்டர், வெள்ளை எல்இடி, சிறிய ஃபெரைட் வளையம். எரிந்துபோன சிஎஃப்எல் பல்பின் அடிப்பலகையில் இந்த வளையம் கிடைக்கும். அதன் கண்ணாடிக் குழாயில் பாதரசம் இருப்பதால் உடைத்துவிடாதீர்கள். பலகையில் உள்ள கெப்பாசிட்டரிலும் மின்சாரம் தங்கியிருக்கலாம். பயமாக இருந்தால் கடையிலேயே வளையம் வாங்கிவிடுங்கள்.

2. சிவப்பு, வெள்ளை என்று இரண்டு நிற மெல்லிய ஒயர்களை ஒன்றாகச் சேர்த்து, வளையத்தில் 15 முதல் 20 சுற்று சுற்றுங்கள். ஒரே நிறமானால் எந்த முனை எதனுடையது என்று பிறகு தலையைச் சொறிய வேண்டியிருக்கும். எனாமல் கம்பி என்றால் முனைப் பூச்சை நன்றாகச் சுரண்டிவிட்டுப் பற்றவையுங்கள்.

3. சிவப்பின் முடிவையும் வெள்ளையின் தொடக்கத்தையும் முறுக்கி பேட்டரியின் பிளஸ்ஸில் கொடுங்கள். சிவப்பின் தொடக்கம் டிரான்சிஸ்டரின் கலெக்டருக்கு. வெள்ளையின் முடிவு ரெசிஸ்டர் வழியாக பேஸுக்கு. எமிட்டர் மைனஸுக்கு. எல்இடியின் நீளக் கால் கலெக்டரில், குட்டைக் கால் எமிட்டரில்.

4. பிசி547-இன் தட்டையான முகத்தை உங்கள் பக்கம் திருப்பி, கால்கள் கீழே இருக்கும்படி பிடித்தால் இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர். 2என்3904 போட்டால் இந்த வரிசை தலைகீழ்.

5. எரியவில்லையா? டிரான்சிஸ்டரைச் சந்தேகிக்கும் முன் வெள்ளை ஒயரின் இரு முனைகளையும் இடம் மாற்றுங்கள். முதல் தடவை அரை மணி நேரம் மூன்று டிரான்சிஸ்டர் மாற்றிப் பார்த்தேன். கடைசியில் தப்பு இந்த ஒயரில்தான்.

6. சுற்று ஓடுகிறதா என்று தெரிய, மீடியம் வேவ் வைத்த ரேடியோவைப் பக்கத்தில் கொண்டுபோங்கள். இரைச்சலோ விசிலோ கேட்டால் டிரான்சிஸ்டர் வேலை செய்கிறது. அப்படியும் விளக்கு எரியாவிட்டால் எல்இடியைத் திருப்பி மாட்டியிருக்கிறீர்களா என்று பாருங்கள்.

7. பேட்டரி 0.8 வோல்ட்டுக்கு இறங்கியபின் தொடர்புகள்தான் முக்கியம். துருப்பிடித்த ஸ்பிரிங்கில் 0.1 வோல்ட் வீணானாலே எட்டில் ஒரு பங்கு போச்சு. உப்புத்தாளால் தேயுங்கள், ஒயரை நீளமாக விடாதீர்கள்.

8. வெளிச்சம் மங்கினால் ரெசிஸ்டரை 470 ஓமாகக் குறையுங்கள். பிசி337 டிரான்சிஸ்டர் கூடுதல் மின்னோட்டம் தாங்கும். கால் வரிசையும் பிசி547 போலவே.

9. சிலிக்கான் டிரான்சிஸ்டரை எழுப்ப சுமார் 0.6 வோல்ட் வேண்டும். ஒருமுறை எரிய ஆரம்பித்தால் அதற்குக் கீழும் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். ஆகவே பேட்டரி தீரும் தறுவாயில் சுவிட்சை அடிக்கடி அணைக்காதீர்கள். மறுபடி எரியாமல் போகலாம்.

10. ஓடும்போது எல்இடியைக் கழற்றாதீர்கள். போக வழியில்லாமல் அழுத்தம் எகிறி டிரான்சிஸ்டரைக் கெடுக்கலாம். இரண்டு எல்இடி வேண்டுமானால் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடராக மாட்டுங்கள்.

11. ரீசார்ஜ் பேட்டரியை இதில் போடாதீர்கள். 1 வோல்ட்டுக்குக் கீழே உறிஞ்சினால் அதன் ஆயுள் குறையும். வீசப்போகும் சாதாரண பேட்டரிதான் இதற்கு ஏற்றது.

12. பற்றவைக்கத் தெரியாதவர்கள் பழுதான சோலார் தோட்ட விளக்கைத் திறந்து பாருங்கள். ஒரே ஒரு 1.2 வோல்ட் பேட்டரியில் ஓடும் வகை என்றால், இதே வேலையைச் செய்யும் பலகை உள்ளே தயாராக இருக்கும்.

13. இது படிக்கும் விளக்கு அல்ல. கரண்ட் போனால் தீப்பெட்டி தேடவும், ராத்திரி பாத்ரூம் வழி காட்டவும் போதும். முழுதும் தீர்ந்த பேட்டரி கசியும். வெளிச்சம் நின்ற அன்றே கழற்றிவிடுங்கள்.