தொடக்கம் எங்கே? ஹோட்டல் சாப்பாட்டின் வரலாறு

கேள்வி: முழுச் சாப்பாடு போடும் சைவ ஹோட்டல்கள் வருவதற்கு முன் வெளியூர் சென்றவர்கள் எங்கே உண்டார்கள்?

பதில்: பண்ணியம் எனப்பட்ட தின்பண்டங்களைக் கடைத்தெருவில் விற்றவர்களை மதுரைக்காஞ்சி குறிப்பிடுவதால், சமைத்த உணவை விலைக்கு விற்பது தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. ஆயினும் நெடுவழிப் பயணிக்கு இலை போட்டுச் சோறிடுவது பெரும்பாலும் அறமாகவே நடந்துவந்தது. அதற்கென எழுந்தவை சத்திரங்கள், அதாவது மன்னரும் செல்வரும் நிலமானியம் விட்டு, வழிப்போக்கருக்குத் தங்குமிடமும் உணவும் தந்த அறநிலையங்கள். இராமேசுவரம் செல்லும் வழியில் தஞ்சை மராட்டிய மன்னர்கள் இத்தகைய சத்திரங்கள் பலவற்றை அமைத்தார்கள். இரண்டாம் சரபோஜி (ஆட்சி 1798-1832) ஒரத்தநாட்டில் கட்டிய முத்தாம்பாள் சத்திரம் அவற்றுள் பெயர்பெற்றது.

1856இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ரயில் ஓடத் தொடங்கிய பின்னர், அரசு அலுவலகங்களும் நீதிமன்றங்களும் கல்லூரிகளும் பட்டணத்துக்கு இழுத்துவந்த ஆடவர்கள் இரண்டொரு நாள் தங்கிச் செல்லும் வழிப்போக்கர் அல்லர். குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு ஆண்டுக்கணக்கில் தனியே காலந்தள்ளிய அவர்களுக்கு நாள்தோறும் இரண்டு வேளைச் சோறு வேண்டியிருந்தது. அத்தனை பேருக்கும் அத்தனை நாளும் தர்மச் சோறு போட எந்தச் சத்திரத்தாலும் இயலாது. மாதக் கட்டணம் வாங்கிக்கொண்டு வீட்டுக் கூடத்திலேயே பந்தி நடத்திய மெஸ்களும், உடனுக்குடன் காசு வாங்கிய ஹோட்டல்களும் இந்தத் தேவையிலிருந்தே முளைத்தன.

கேள்வி: இந்தத் தொழிலில் உடுப்பிக்காரர்கள் முன்னணிக்கு வந்தது எப்படி?

பதில்: கோயிலும் சாதியும் சேர்ந்து அவர்களுக்கு வழி திறந்தன. 13ஆம் நூற்றாண்டில் மத்வர் நிறுவிய உடுப்பி கிருஷ்ணர் கோயிலின் பூசைப் பொறுப்பை எட்டு மடங்கள் இரண்டிரண்டு ஆண்டுகளாக முறைவைத்து ஏற்கின்றன. பர்யாயம் எனப்படும் இந்த ஏற்பாட்டில், பொறுப்புக்கு வரும் மடம் கோயிலுக்கு வருவோருக்கு அன்னமிடும் கடமையையும் ஏற்பதால், பெருங்கூட்டத்துக்கு ஒரே நேரத்தில் சமைத்துப் பந்தி பரிமாறத் தெரிந்தவர்கள் அப்பகுதியில் தலைமுறை தலைமுறையாக உருவானார்கள். யார் கையால் சமைத்ததை யார் உண்ணலாம் என்பதைச் சாதி வரையறுத்த அக்காலத்தில், பிராமணர் சமைத்த சைவ உணவை மற்றச் சாதியினரும் தயக்கமின்றி ஏற்றார்கள் என்பதால், பலதரப்பட்ட வாடிக்கையாளரை எதிர்பார்த்துக் கடை திறந்தவருக்குச் சமையற்காரரின் பிறப்பே ஒரு முதலாக அமைந்தது.

உடுப்பிப் பகுதியிலிருந்து சென்னைக்கு வந்து எடுபிடி வேலையில் தொடங்கிய கே. கிருஷ்ண ராவ், 1938இல் இராயப்பேட்டையில் உட்லண்ட்ஸ் எனும் மாளிகையைக் குத்தகைக்கு எடுத்து அதே பெயரில் ஹோட்டல் நடத்தினார். காரில் அமர்ந்தபடியே உண்ண வசதி செய்த டிரைவ்-இன் உட்லண்ட்ஸ் 1962இல் வந்தது. பெங்களூரில் மையா சகோதரர்கள் 1924இல் தொடங்கிய கடை பின்னாளில் எம்.டி.ஆர். என்று புகழ்பெற்றது. பம்பாயில், தென்னிந்தியர் நிறைந்த மாட்டுங்காவில் ஏ. ராம நாயக் 1942இல் தொடங்கிய உடுப்பி ஸ்ரீ கிருஷ்ணா போர்டிங், ஊரைவிட்டு வந்தவர்களுக்கு வாழையிலையில் சாப்பாடு போட்டது.

கேள்வி: ஹோட்டல் வாசலில் ‘பிராமணாள்’ என்று எழுதியிருந்ததன் பொருள் என்ன? அது எப்போது மறைந்தது?

பதில்: சமைப்பவர் பிராமணர் என்பதே அப்பலகையின் அறிவிப்பு, ஆனால் சமைப்பவரின் சாதி விற்பனைக்கு உதவிய இடத்தில் உண்பவரின் சாதியும் கேட்கப்பட்டது. சில ஹோட்டல்களில் பிராமணருக்குத் தனிக் கூடம் இருந்தது. தாழ்த்தப்பட்டோர் உள்ளே நுழையவே இயலாத ஹோட்டல்களும் இருந்தன. ரயில் நிலைய உணவுச்சாலைகளிலும் நிலவிய இந்தப் பிரிவினை, பெரியாரும் நீதிக்கட்சியினரும் தொடர்ந்து எதிர்த்ததால் 1941இல் கைவிடப்பட்டது. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 15ஆம் பிரிவு, சாதியைக் காட்டி எவரையும் உணவகத்துக்குள் தடுக்கக் கூடாது என்று விதித்தது. பலகையில் இருந்த சொல் அதன்பின்னும் நீடித்ததால், 1957இல் திருவல்லிக்கேணி முரளி கபே முன்பு திராவிடர் கழகத்தார் நாள்தோறும் மறியல் செய்து கைதானார்கள். சைவ ஹோட்டல் என்ற பொதுப்பெயர் இன்று உணவின் வகையை மட்டுமே குறிக்கிறது என்றால், அதன் பின்னணியில் இந்தப் போராட்டங்கள் உள்ளன.

கேள்வி: தெற்கே இலையும் வடக்கே கிண்ணங்கள் அடுக்கிய தட்டும் வழக்கில் இருப்பது ஏன்?

பதில்: தாலி என்பது விளிம்புள்ள பெரிய வட்டத் தட்டு, அதனுள் வைக்கப்படும் சிறு கிண்ணத்துக்குக் கட்டோரி என்று பெயர். வாழை செழிக்காத வறண்ட மேற்குப் பகுதிகளில் பித்தளை, வெண்கலத் தட்டுகள் வீட்டுப் பாத்திரங்களாக இருந்தன. இலைக்கோ, ஒருமுறை உண்டதும் எறிந்துவிடலாம் என்பதால் பிறர் எச்சில் பட்டதோ என்ற ஐயமே எழாது. பம்பாயின் கல்பாதேவி கடைத்தெருவில் தனித்து வாழ்ந்த குஜராத்தி, மார்வாடி வணிகர்களை நம்பி எழுந்த போஜனாலயங்கள் அந்த வீட்டுத் தாலியைக் கடைக்குக் கொண்டுவந்தன. 1945இல் தொடங்கிய ஸ்ரீ தாக்கர் போஜனாலயம் அவற்றுள் ஒன்று.

இரண்டிலும் பரிமாறும் முறை வேறு. குஜராத்தித் தாலியில் இனிப்பு கலந்த பருப்பு, கடி எனும் மோர்க்குழம்பு வகை, காய்கறிகள், பர்சான் எனப்படும் காரப் பலகாரம், இனிப்பு ஆகிய அனைத்தும் தொடக்கத்திலேயே கிண்ணங்களில் நிறைந்துவிடும். உண்பவர் எதை எதனோடு வேண்டுமானாலும் தொட்டுக்கொள்வார், மெல்லிய ரொட்டி மட்டும் அடுப்பிலிருந்து சுடச்சுட வந்துகொண்டிருக்கும். தமிழ்நாட்டு இலையில் நுனி உண்பவரின் இடக்கைப் பக்கம் இருக்க, உப்பும் ஊறுகாயும் கூட்டும் பொரியலும் மேற்பாதியில் இடம்பிடிக்க, கீழ்ப்பாதியில் விழும் சோறு பருப்புநெய், சாம்பார், ரசம், மோர் என்று ஒவ்வொன்றாகக் கலந்து உண்ணப்படும். எவர்சில்வர் எனப்படும் துருப்பிடிக்காத எஃகுப் பாத்திரங்கள் பரவிய பின் நகரத்து ஹோட்டல்கள் இரு முறைகளையும் கலந்து, எவர்சில்வர் தட்டில் வட்டமாக நறுக்கிய இலையை விரித்து, அதன்மேல் கிண்ணங்களை வைத்தன.

கேள்வி: ஒரே விலைக்கு எவ்வளவு வேண்டுமானாலும் போடும் ஹோட்டலுக்கு எப்படிக் கட்டுபடியாகிறது?

பதில்: அளவில்லாச் சாப்பாட்டிலும் எல்லாம் அளவின்றிக் கிடைப்பதில்லை. மறுபடி மறுபடி வருவன சோறு, சாம்பார், ரசம், மோர் ஆகிய மலிவானவை. நெய் ஒரு கரண்டியோடும் அப்பளமும் இனிப்பும் ஒன்றோடும் நின்றுவிடும், தயிர் சிறு கிண்ணத்தில் வரும். மிகுதியாக உண்பவரின் செலவைக் குறைவாக உண்பவர் ஈடுகட்ட, உணவுப் பட்டியல் அன்றன்று மலிவாகக் கிடைக்கும் காய்கறியைக் கொண்டு முடிவாவதாலும், எல்லோருக்கும் ஒரே சமையல் என்பதால் மிச்சம் குறைவதாலும் கணக்கு நேராகிறது. ஆனால் அரிசி எளிதில் கிடைக்கும் வரையில்தான் இந்தக் கணக்கு நிற்கும். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் நகரங்களில் உணவுப் பங்கீடு வந்தது. 1965இல் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி வாரம் ஒரு வேளை உணவைத் தவிர்க்குமாறு நாட்டைக் கேட்டுக்கொண்டபோது, திங்கட்கிழமை மாலைகளில் பல ஹோட்டல்கள் அடுப்பு மூட்டவில்லை. ஒருமுறை வைத்ததோடு முடியும் அளவுச் சாப்பாடு இன்று அளவில்லாச் சாப்பாட்டுக்குப் பக்கத்திலேயே குறைந்த விலையில் விற்கப்படுகிறது. அரைமணி நேர இடைவேளையில் உண்டு திரும்ப வேண்டிய அலுவலக ஊழியர்கள், முற்காலத்து மெஸ் வாடிக்கையாளரின் வாரிசுகளே ஆயினும், மறுசோறு கேட்க நேரமின்றி அதையே பெரிதும் நாடுகிறார்கள்.