நொதியங்களும் நனோ தாங்கிகளும்

நொதியம் என்பது உயிருள்ள கலங்களில் உண்டாகும் ஊக்கியாகும். பெரும்பாலான நொதியங்கள் புரதங்களாகும். நொதியம் தாக்கத்தை வேகப்படுத்தும். ஆனால் தாக்கத்தில் செலவாகிவிடாது.

1. தேயிலைத் தொழிற்சாலையில் நொதியம்

பதுளை, பசறை, பண்டாரவளைத் தோட்டங்களில் பறிக்கப்படும் கொழுந்து முதலில் வாட்டப்படுகிறது. பின்னர் உருட்டும் இயந்திரத்தில் நசுக்கப்படும்போது இலையின் கலங்கள் உடைகின்றன. அப்போது பொலிபீனோல் ஒட்சிடேசு என்னும் நொதியம் கட்டெகின்களுடன் சேர்கிறது. வளியிலுள்ள ஒட்சிசனால் கட்டெகின்கள் ஒட்சியேற்றப்பட்டு, தேநீருக்கு நிறமும் சுவையும் தரும் தியாபிளேவின், தியாருபிஜின் என்பன உண்டாகின்றன. வழக்கில் இது "நொதித்தல்" எனப்பட்டாலும் இங்கு மதுவம் தொழிற்படுவதில்லை.

உலர்த்தியின் வெப்பத்தில் நொதியம் இயல்பிழக்கிறது, தாக்கம் நிற்கிறது. தேயிலைக்கு இது தேவையானதே. ஆனால் ஒரே நொதியத்தைப் பலமுறை பயன்படுத்த வேண்டிய தொழில்களில் இத்தகைய இழப்பு செலவைக் கூட்டும். மேலும், கரைசலிலுள்ள நொதியம் விளைபொருளோடு கலந்துவிடுவதால் பிரித்தெடுப்பதும் கடினம்.

2. தாங்கியில் நிலைப்படுத்தல்

நொதியத்தைத் திண்மத் தாங்கியொன்றில் பிணைத்தால் அதனை மீண்டும் பயன்படுத்தலாம். கரியில் ஒட்டிய இன்வட்டேசு தொடர்ந்து தொழிற்படுவதை நெல்சன், கிரிபின் ஆகியோர் 1916 இல் காட்டினர். 1969 இல் யப்பானின் தனபே நிறுவனம் அமினோ அமில உற்பத்தியில் இம்முறையைப் பயன்படுத்தியது.

3. நனோ தாங்கியின் சிறப்பு

பக்கம் 1 cm உடைய சதுரமுகியின் மேற்பரப்பு 6 cm² ஆகும். அதனைப் பக்கம் 10 nm உடைய சதுரமுகிகளாகப் பிரித்தால் மொத்த மேற்பரப்பு 600 m² ஆகும். எனவே சிறிதளவு தாங்கியில் அதிக நொதியத்தைப் பிணைக்கலாம். பல புள்ளிகளில் பிணைக்கப்பட்ட புரதத்தின் வடிவம் எளிதில் குலையாது. ஆதலால் வெப்பத்தையும் pH மாற்றத்தையும் ஓரளவு கூடுதலாகத் தாங்கும். தாங்கி காந்த இரும்பொட்சைட்டுத் துணிக்கையாயின், காந்தத்தால் நொதியத்தை மீட்கலாம்.

குறைபாடு: உயிர்ப்பு மையம் மறைக்கப்பட்டால் நொதியத்தின் செயற்றிறன் குறையும்.

மாதிரி வினா

நிலைப்படுத்திய நொதியத்தைக் கொதிநீரில் இட்டாலும் அது பழுதடையாது என மாணவரொருவர் கூறுகிறார். இக்கூற்று சரியா?

விடை: பொதுவாகச் சரியன்று. பிணைத்தல் உறுதியைக் கூட்டுமேயன்றிப் புரதத்தின் இயல்பை மாற்றாது. வெப்பநிலை மிகவும் உயர்ந்தால் அதுவும் இயல்பிழக்கும்.

நினைவிற் கொள்க: நொதியம் "இறந்தது" என எழுதற்க; "இயல்பிழந்தது" என எழுதுக. நொதியம் உயிரியன்று.