ஒரே பென் டிரைவில் பல லினக்ஸ்: கடைக்கு என்ன பயன்?

மளிகைக் கடையானாலும் மொத்த மண்டியானாலும் இன்று பில்லும் பேரேடும் கம்ப்யூட்டரில்தான். ஒருநாள் காலையில் விண்டோஸ் திறக்க மறுத்தால் பற்று வரவு முழுவதும் உள்ளே சிக்கிக்கொள்கிறது. அவசரத்தில் விண்டோஸைப் புதிதாகப் போட்டால் பழைய கணக்கு அழிந்துபோகவும் கூடும். இதற்குக் கைகொடுக்கும் எளிய வழி ஒன்றை வணிக அன்பர்கள் அறிந்துகொள்வது நல்லது.

லினக்ஸ் என்பது 1991-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிவைத்தது, இலவசமாகக் கிடைப்பது. அதன் பல வகைகள் பென் டிரைவிலிருந்தே ஓடும். நாமாக ‘இன்ஸ்டால்’ கொடுக்காதவரை ஹார்டு டிஸ்க்கில் அது நிறுவப்படுவதில்லை. ‘வென்டாய்’ என்ற இலவச மென்பொருள் இருந்தால் ஒரே பென் டிரைவில் பல லினக்ஸ்களை வைத்துக்கொள்ளலாம்.

செய்முறை:

1. 32 ஜிபி பென் டிரைவ் ஒன்று போதும். அதிலுள்ளவை யாவும் அழிந்துவிடும் என்பதால் காலியானதை எடுக்கவும்.

2. வென்டாயை அதன் சொந்தத் தளத்திலிருந்து இறக்கி, பென் டிரைவில் நிறுவவும். சரியான டிரைவ்தானா என்று இருமுறை பார்க்கவும்.

3. லினக்ஸ் தளங்களில் கிடைக்கும் ஐஎஸ்ஓ கோப்புகளை அதில் காப்பி செய்யவும். அன்றாடப் பயனுக்கு லினக்ஸ் மின்ட் (குறைந்தது 2 ஜிபி ராம் வேண்டும்), மிகப் பழைய கம்ப்யூட்டருக்கு ஆன்டிஎக்ஸ், ஹார்டு டிஸ்க்கை முழு நகல் எடுக்க குளோன்ஜில்லா.

4. பென் டிரைவைச் செருகி, கம்ப்யூட்டரை இயக்கியதும் எஃப்12 அழுத்தவும். சில கம்பெனிகளில் எஃப்9 அல்லது எஸ்கேப். பட்டியல் தோன்றும், வேண்டியதைத் தேர்வு செய்யலாம்.

விண்டோஸ் படுத்துவிட்ட நாளில் மின்ட்டைத் திறந்து, கணக்கு உள்ள ஃபோல்டரை வேறொரு டிரைவுக்குக் காப்பி செய்துவிட்டால் பேரேடு தப்பியது. பிறகு மெக்கானிக்கிடம் நிம்மதியாகக் கொடுக்கலாம்.

கவனிக்க வேண்டியவை: டாலி விண்டோஸுக்கென்று செய்யப்பட்டது, லினக்ஸில் கோப்பை மீட்கலாம், நேரடியாக பில் போட இயலாது. அவசரத்துக்கு மின்ட்டிலுள்ள லிப்ரே ஆபீஸில் பில் தயாரிக்கலாம். ஆனால் அதை வேறு டிரைவில் சேமிக்காவிட்டால், நிறுத்தியதும் மறைந்துவிடும். ‘பிட்லாக்கர்’ பூட்டு இருந்தால் அதன் 48 இலக்க மீட்பு எண் தேவை. இன்றே எழுதி வைக்கவும். ஹார்டு டிஸ்க்கே பழுதானால் இந்த வழி உதவாது.

ஆகவே கல்லாவை எண்ணிப் பூட்டும்போதே அன்றைய கணக்குக்கும் ஒரு நகல் எடுத்துவிடுங்கள். பென் டிரைவை, கடை நன்றாக ஓடும் நாளிலேயே ஒருமுறை சோதித்துப் பாருங்கள்.