இயற்கைச் சீற்றமும் மக்கள் நம்பிக்கையும்

அரசின் மீது மக்கள் கொண்டுள்ள நம்பிக்கையைப் பல வழிகளில் மதிப்பிடலாம். கடலோரச் சிற்றூர்களில் அம்மதிப்பீடு மிக எளிதாக நடந்துவிடுகிறது. புயல் வருகிறது, வீட்டைவிட்டு வெளியேறுங்கள் என்று ஒலிபெருக்கியில் அறிவிக்கும்போது எத்தனை குடும்பங்கள் புறப்படுகின்றன என்பதே அதன் அளவுகோல். அந்நேரத்தில் காற்று இன்னும் பலமாக வீசத் தொடங்கியிராது. கறவை மாடு, விதைநெல், வலை, ஓராண்டு உழைப்பில் வேய்ந்த கூரை ஆகியவற்றை விட்டுவிட்டு, ஓர் அலுவலரின் சொல்லை நம்பிக் குடும்பம் நடக்க வேண்டும். முந்தைய சீற்றத்தின்போதும் அதன் பின்னரும் அரசு நடந்துகொண்ட விதம் அக்குடும்பத்தின் நினைவில் இருக்கிறது; புறப்படுவதா, தங்குவதா என்ற முடிவில் அந்நினைவுக்குப் பெரும் பங்குண்டு. ஒடிசா மாநிலத்தின் கடந்த கால் நூற்றாண்டு அனுபவம் இதனை ஆராய்வதற்கு ஏற்றதாகும்.

1999ஆம் ஆண்டு அக்டோபர் 29 அன்று, அப்போது ஒரிசா என வழங்கிய அம்மாநிலத்தின் பாரதீப் துறைமுகத்தருகே பெரும் புயல் கரை கடந்தது. மணிக்கு 260 கிலோமீட்டர் அளவிற்குக் காற்று வீசியது. ஜகத்சிங்பூர் மாவட்டத்தின் எரசமா வட்டாரத்தில் 5 முதல் 6 மீட்டர் உயரத்திற்குக் கடல்நீர் எழும்பி ஊர்களுக்குள் புகுந்தது. மாநிலம் முழுவதிலும் ஏறத்தாழ 10,000 பேர் மாண்டனர். வானிலைத் துறையின் எச்சரிக்கை முன்னதாகவே வெளியாகியிருந்தது என்பது இங்கே கருதத்தக்கது. எச்சரிக்கை இருந்தும் மக்கள் வெளியேறாததை அறியாமை என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் அது நியாயமாகாது. செல்வதற்கு இடம் இல்லை என்பதே முதற்காரணம். செஞ்சிலுவைச் சங்கம் கட்டியிருந்த புயற்பாதுகாப்பு இல்லங்கள் மாநிலக் கடற்கரை முழுவதற்கும் 23 மட்டுமே. பன்னிரண்டு நாட்களுக்கு முன்னர்தான் கஞ்சம் மாவட்டத்தை மற்றொரு புயல் தாக்கியிருந்தது. அதனைக் கடந்து வந்த அண்டை மாவட்டத்தார் இதுவும் அத்தகையதே என எண்ணியிருக்கக்கூடும். காற்று என்று சொன்னால் விளங்கும். கடலே எழுந்து வரும் என்பது பலருக்கு விளங்கவில்லை.

புயலுக்குப் பிந்தைய நாட்கள் நம்பிக்கையை மேலும் சிதைத்தன. தலைநகர் புவனேசுவரத்திலேயே தொலைபேசியும் மின்சாரமும் அறுந்தன. மாவட்டத் தலைமையிடங்களின் நிலை என்னவென்று தலைமைச் செயலகத்திற்குத் தெரியவில்லை. சாலைகளில் வீழ்ந்த மரங்களை அறுத்து அகற்றியபடியே படையினர் முன்னேற வேண்டியிருந்தது. உட்புற ஊர்களுக்கு உதவி எட்டப் பல நாட்கள் சென்றன. அவ்வாண்டு டிசம்பரில் முதலமைச்சர் பதவி விலகினார். அதே மாத இறுதியில், பேரிடர்ப் பணிக்கெனத் தனியானதோர் ஆணையத்தை மாநில அரசு அமைத்தது. நாடு தழுவிய பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005இல்தான் வந்தது என்பதை நோக்க, இது காலத்தால் முந்திய முயற்சியாகும்.

இதனைத் தொடர்ந்து நடந்த வேலைகளில் ஆரவாரம் குறைவு. தூண்கள் மீது உயர்த்திய பாதுகாப்பு இல்லங்கள் நூற்றுக்கணக்கில் எழுந்தன. அவற்றுட் பல மற்ற நாட்களில் பள்ளிக்கூடங்களாகப் பயன்பட்டன. தன் பிள்ளை நாள்தோறும் சென்றுவரும் கட்டடத்திற்குப் புயல் இரவில் செல்லத் தாய் தயங்குவதில்லை. பராமரிப்பு ஊர்க்குழுவிடம் ஒப்படைக்கப்பட்டது. எச்சரிக்கை பரப்புவோர், மீட்போர், முதலுதவி செய்வோர் என ஊர் இளைஞர்களுக்கும் பெண்களுக்கும் பயிற்சி தரப்பட்டது. ஆண்டுதோறும் ஒத்திகை நடத்தும் வழக்கம் ஏற்பட்டது. அரசின் எச்சரிக்கை இவ்வாறு அயலான் குரலாக இல்லாமல், தெருவில் தெரிந்தவரின் குரலாக வந்து சேர்ந்தது.

2013 அக்டோபர் 12 அன்று கோபால்பூர் அருகே ‘பைலின்’ புயல் கரை கடந்தபோது இவ்வேற்பாடு சோதனைக்குள்ளாயிற்று. தசராப் பண்டிகைக் காலமாயினும் அலுவலர்களின் விடுப்பு இரத்து செய்யப்பட்டது. ஏறத்தாழ 10 லட்சம் மக்கள் அப்புறப்படுத்தப்பட்டனர். ஒடிசாவில் உயிரிழந்தோர் தொகை ஐம்பதிற்குள் அடங்கியது. புயலின் வலிமையை வெளிநாட்டு நிலையங்கள் சில மேலும் கடுமையாகக் கணித்தபோது இந்திய வானிலைத் துறை தன் கணிப்பில் உறுதியாக நின்றது. நடப்பும் அதற்கு இசைந்தே அமைந்தது. மிகைப்படுத்தினால் மக்கள் அஞ்சிப் புறப்படுவர் என்ற எண்ணம் அலுவலர் சிலரிடம் இன்றும் உண்டு. ஒருமுறை அது பயன் தரலாம். அடுத்த முறை அதே ஒலிபெருக்கிக்குச் செவிசாய்ப்போர் குறைவர். பைலினின்போது சில ஊர்களில் காவல்துறையினர் வற்புறுத்தியே மக்களை வெளியேற்ற வேண்டியிருந்தது. அந்த எண்ணிக்கையும் 10 லட்சத்திற்குள் அடக்கம். எனவே வெளியேறியோர் தொகை முழுவதையும் நம்பிக்கையின் கணக்கில் எழுதிவிடலாகாது.

2019 மே 3 அன்று பூரி அருகே வந்த ‘ஃபானி’ புயலின்போது சுமார் 12 லட்சம் மக்கள் பாதுகாப்பான இடங்களுக்குச் சென்றனர். 64 உயிர்கள் இழக்கப்பட்டன. உலகெங்கும் பாராட்டு எழுந்தது. ஆனால் உயிர் காத்தல் என்ற முதற்பகுதி முடிந்தபின் தொடங்கும் இரண்டாம் பகுதிக்குப் பாராட்டு அவ்வளவு எளிதில் கிட்டுவதில்லை. பூரியில் மின்சாரம் முற்றிலும் மீள வாரங்கள் ஆயின. கோடை வெயிலில் குடிநீரும் மின்சாரமும் வேண்டித் தலைநகரிலும் மக்கள் சாலைக்கு வந்தனர்.

நிவாரண விநியோகத்திலும் இந்த இரண்டாம் பகுதியின் இடர்ப்பாடு விளங்கும். அரசின் விதிமுறையில் முற்றிலும் சேதம், கடுமையான சேதம், பகுதிச் சேதம் என வீடுகள் வகைப்படுத்தப்படுகின்றன. பகுதிச் சேதத்திற்கு உதவி பெறக் குறைந்தது 15 விழுக்காடு பழுதாகியிருக்க வேண்டும். சுவர் நின்று கூரை பறந்த வீடு எந்த வகை? 14 விழுக்காட்டையும் 15 விழுக்காட்டையும் பிரிப்பது யார் கண்? அடுத்தடுத்த இரு வீட்டாரில் ஒருவர் பெயர் பட்டியலில் இருந்து மற்றவர் பெயர் இல்லாதபோது, காரணம் எழுத்தில் தரப்படாவிட்டால், அவ்விடத்தை வதந்தி நிரப்பிவிடும். கட்சிக்காரர் பெற்றார், உறவினர் பெற்றார் என்ற பேச்சு உண்மையாயினும் பொய்யாயினும் விளைவு ஒன்றே. பட்டியலை ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டி, மறுப்புக் கூற நாள் குறித்து, மறு ஆய்வுக்கு வேறோர் அலுவலரை அனுப்புவது சிறு செலவுக்குரிய ஏற்பாடே. தொகை குறைவாயினும் பொறுத்துக்கொள்வோர், வகைப்படுத்தலின் காரணம் மறைக்கப்படுவதைப் பொறுப்பதில்லை.

வாரத்திற்குப் பயிரிடுவோர் நிலை இன்னும் கடினமானது. ஒடிசாவின் நிலச் சீர்திருத்தச் சட்டம் சில விலக்குகள் தவிர நிலத்தைக் குத்தகைக்கு விடுவதைத் தடை செய்கிறது. நடைமுறையில் வாரச் சாகுபடி பரவலாக உண்டு, ஆவணத்தில்தான் இல்லை. பயிர் அழிந்தால் இழப்பு உழுதவனுக்கு, பதிவேட்டில் பெயர் நிலம் உடையவருக்கு. உண்மையில் பயிரிட்டவருக்கே உதவி சேர வேண்டும் என்று மேலிடம் எழுதினாலும், கீழ்நிலை வருவாய் அலுவலர் எந்தச் சான்றைக் கொண்டு அதனை வழங்குவார்? தணிக்கைக்கு அஞ்சும் அலுவலரை மட்டும் குறை கூறிப் பயனில்லை. விதியிலேயே இடம் செய்தாக வேண்டும்.

விதியின் குறுகிய பொருளுக்குள் நின்று மக்களை இழந்த வரலாறு ஒடிசாவிற்குப் புதிதன்று. 1866ஆம் ஆண்டுப் பஞ்சத்தில், வணிகமே அரிசியைக் கொணரும் என அன்றைய ஆங்கில நிர்வாகம் காத்திருந்தது. பருவக்காற்று தொடங்கிய பின் கப்பல்கள் கரையணைய இயலவில்லை. ஏறத்தாழ 10 லட்சம் மக்கள் மாண்டனர். பின்னாளில் பஞ்ச விதித்தொகுப்புகள் உருவாக அந்தப் பேரழிவும் ஒரு காரணமாயிற்று. 1980இல் ஒடிசா வகுத்த நிவாரண விதித்தொகுப்பும் அவ்வழியில் வந்ததே.

கடற்கரையில் வேரூன்றிய பழக்கம் உள்நாட்டிற்குத் தானாகப் பரவுவதில்லை. 2018 அக்டோபரில் ‘தித்லி’ புயலின்போது கடலோர மக்கள் பெருமளவில் முன்னரே வெளியேற்றப்பட்டனர். உயிரிழப்போ பெரும்பாலும் கஜபதி மலை மாவட்டத்தில், மழையாலும் நிலச்சரிவாலும் நேர்ந்தது. அங்கே புயல் என்பது கடற்கரையாருக்குரிய செய்தியாகவே கருதப்பட்டு வந்தது. மலையூர்களில் பாதுகாப்பு இல்லங்களும் இல்லை, ஆண்டு ஒத்திகையும் இல்லை. எந்தச் சரிவு எவ்வளவு மழையில் இளகும் என்பதை ஊர்வாரியாகச் சொல்லும் எச்சரிக்கையும் அப்போது அவர்களுக்கு எட்டவில்லை.